நூற்றுப் பன்னிரண்டு படிகள்

நூற்றுப் பன்னிரண்டு என்று எதற்காகத்தான் சொல்லித் தொலைத்தோமோ, நாற்பது என்று சொல்லியிருக்கலாம், இருபத்தைந்து என்றுகூடச் சொல்லியிருக்கலாம், எப்படியும் பொய்தானே, அதில் போய் யாராவது இத்தனை படி கட்டுவார்களா... பக்கத்து நாற்காலியில் மனைவி வலது முழங்காலை உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள், வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள், சும்மா கை போகிறது என்பாள். மூன்று மாதமாக லிஃப்டைத் தொடுவதில்லை, நான்கு மாடியும் படியேறித்தான் வீட்டுக்கு வருகிறாள், முதலில் ஒரு வேளை, பிறகு இரண்டு வேளை, வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறுகிறாள். நேற்று மாலை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்று, "தொண்ணூத்தாறு ஆச்சுங்க, மொட்டை மாடிக்குப் போற பதினாறையும் சேர்த்துட்டா சரியா இருக்கும்," என்றாள், அவர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள், இரண்டு பக்கமும் ஊதாப் பூப் பூத்த மரங்கள், கடைசிப் படியில் உட்கார்ந்தால் தண்ணீர் காலைத் தொடும்... அவளுக்கு அது மனப்பாடம், அவர்தான் சொன்னார், இருபத்தாறு வருடத்துக்கு முன்பு தொலைபேசியில். அப்படி ஓர் இடத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

பலகையில் ஐம்பத்தெட்டு என்று சிவப்பாக எரிந்தது, அவர்கள் டோக்கன் எழுபத்தொன்று, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் இந்த விசா அலுவலகத்தில் உட்கார வேண்டும். ஒரே இரும்புக் கம்பியில் கோத்த ஆறு நாற்காலிகள், ஒருவர் கால் மாற்றிப் போட்டால் மற்ற ஐந்து பேரும் ஆடுகிறார்கள், எல்லார் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், எல்லார் முகத்திலும் எதையோ மறந்துவிட்டு வந்த கலவரம். இந்த மாதிரிக் கூடங்கள் அவருக்குப் புதிதில்லை, ஆனால் அப்போதெல்லாம் கம்பெனிக் கடிதம் கையில் இருக்கும், வேறு வரிசை, வேறு சன்னல், பத்து நிமிடத்தில் வெளியே. அவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடம் போதாமல் இன்னொரு புத்தகத்தையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அவளுடையதை இன்று காலை ஃபைலில் வைக்கும்போது புரட்டிப் பார்த்தார், முதல் பக்கத்தில் அவள் முகம், அதற்கப்புறம் வெள்ளை, கடைசி வரை வெள்ளை. காலாவதியாகிக் காலாவதியாகி இரண்டு தடவை புதுப்பித்திருக்கிறாள், ஒரு தடவைகூட எங்கும் போகாமலே, யாரிடமும் சொல்லாமலே. எதற்காகப் புதுப்பித்தாள்? சுற்றும் முற்றும் பார்த்தார், இந்தக் கூடத்தில் குடிக்கத் தண்ணீர்கூட வைக்கவில்லை.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், நாற்பத்தொரு நாடு, கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். போனது எதற்கு? பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரத்தைச் சரிபார்க்க. மருந்து, எண்ணெய், மை, தலைக்குப் பூசுகிற சாயம், எதுவானாலும் சரி, அவருடைய கம்பெனி விற்ற இயந்திரம் உலகத்தின் எந்த மூலையில் மூடியைத் தளர்வாகப் போட்டாலும் இவர் விமானம் ஏற வேண்டும். தளர்ந்தால் ஒழுகும், இறுக்கினால் மூடி விரியும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி இருக்கிறது, அதற்கு அளவுக் கருவி உண்டு, ஆனால் அவர் வரிசையாக இருபது பாட்டிலை வெறும் கையால் திறந்து பார்த்துவிட்டு இயந்திரத்தில் மூடி திருகுகிற எட்டுத் தலைகளில் ஐந்தாவது தலைதான் சண்டி என்று சொல்லிவிடுவார். அலுவலகத்தில் அவருக்கு மூடிக்காரர் என்றுதான் பெயர். தொழிற்சாலையை அரண்மனைக்குப் பக்கத்திலா கட்டுவார்கள், ஊருக்கு வெளியேதான் கட்டுவார்கள், விமானத்திலிருந்து இறங்கினால் வேன், வேனிலிருந்து தொழிற்சாலை, எதிரே ஒரு லாட்ஜ், மறுபடி தொழிற்சாலை, மறுபடி வேன். வேலை முடிந்த மறுநாளே இன்னோர் ஊரில் ஒழுகும். குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவருடைய குண்டுச் சட்டி கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"என்னங்க, அங்க கைப்பிடி இருக்குமா?" என்றாள் மனைவி. எங்கே, என்றார். "படியிலதான், ஏறும்போது முட்டி தாங்கிடும், இறங்கும்போதுதான் உதறுது." இருக்கும், ஒரு பக்கம் இருக்கும்னு நினைக்கிறேன், என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சரி, இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அந்தப் படிக்கட்டுக்கு ஓர் இரும்புக் கைப்பிடியும் போட்டாயிற்று, இனி விளக்குக் கம்பமும் உட்கார ஒரு பெஞ்சும்தான் பாக்கி, அதையும் எழுபத்தொன்று வருவதற்குள் போட்டுவிடலாம்... வெட்கமாக இல்லையா உனக்கு, அறுபது வயதில்?

முதல் பயணத்தில்தான் ஆரம்பித்தது. பெண் குழந்தைக்கு அப்போது ஒரு வயது, பல் முளைக்கிற காய்ச்சல், இவள் ஒற்றை ஆளாக அதைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு அறை வாடகை வீட்டில் நடந்துகொண்டிருந்தாள், போகாதீங்க என்று அவள் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் தொலைபேசியில் கேட்டாள், "ஊர் எப்படிங்க இருக்கு?" அவர் சன்னலைப் பார்த்தார், சன்னலுக்கு நேரே ஒரு சுவர், சுவரில் மேலிருந்து கீழே ஒரு துருப்பிடித்த குழாய். சுவர் இருக்கிறது, குழாய் இருக்கிறது என்றா சொல்வது? இதுக்கா எங்களை விட்டுட்டுப் போனீங்க என்று அவள் கேட்கமாட்டாள், கேட்காமலிருப்பதுதான் கஷ்டம். கட்டிலுக்கு மேலே ஒரு பழைய காலண்டர் படம் மாட்டியிருந்தது, ஆறு, கல்படி, ஊதாப் பூ. படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், படியை எண்ணினீங்களா என்று கேட்டாள், எண்ணினேன், நூத்திப் பன்னிரண்டு என்றார். மறுமுனையில், "அம்மாடி," என்றாள், அந்த ஓர் அம்மாடியில் அவள் நாலு நாள் தூங்காத களைப்பெல்லாம் கொஞ்சம் இறங்கியது மாதிரி இருந்தது, அவருக்கும்தான் இறங்கியது. அதற்கப்புறம் ஊருக்கு ஒன்று வேண்டியிருந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா, கடல் இல்லாத ஊரில் கடலை வைத்துவிடக் கூடாது, அதனால் விமானத்தில் கொடுக்கிற பளபளப்புப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார், காற்றடித்தால் பாடுகிற பாலம், கூண்டுகளே இல்லாத பறவைச் சந்தை, விளக்குகளை மிதக்கவிடுகிற ஏரி. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், மூடிக்காரர் புளுகு இருபத்தாறு வருடம் ஓடியது. நடுவில் ஒரு தடவை, வேறொரு நாட்டில், வேறொரு தொழிற்சாலையின் வரவேற்பறையில் அதே படத்தைப் பார்த்தார், அடியில் இடத்தின் பெயர் போட்டிருந்தது, அது அந்த நாட்டிலும் இல்லை, முதலில் பார்த்த நாட்டிலும் இல்லை, எங்கோ மூன்றாவது நாட்டில். சிரிப்பு வந்தது அப்போது. பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை, யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டார்.

எல்லாம் அந்த அலுவலகப் பெண்ணால் வந்தது, இல்லை, அவளைச் சொல்லி என்ன, நல்ல பெண், ஓய்வு பெறுகிறவர்களைப் பற்றிக் கம்பெனிப் பத்திரிகையில் ஒரு பக்கம் போடுகிறாள். "சார், நாப்பத்தொரு நாடு சார், உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச அஞ்சு இடம், அஞ்சே அஞ்சு, எழுதிக் குடுங்க சார்." அவர் உண்மையாகவே உட்கார்ந்தார், ஒரு மதியம் முழுக்கத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், எது பிடித்தது, மனசைத் தொட்டுச் சொல்... முதலில் வந்தது அந்தத் துணி துவைக்கிற கடை. ஆறும் படியும் இருப்பதாகச் சொன்ன அதே ஊரில், லாட்ஜுக்கு எதிரே, காசு போட்டால் தானே துவைக்கிற எட்டு இயந்திரங்கள், வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் யார் யாருடைய சட்டையோ சுற்றிக்கொண்டிருக்கும், வெளியே எலும்பில் இறங்குகிற மழை, உள்ளே கதகதவென்று. கடையைப் பார்த்துக்கொள்கிற அம்மாளின் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை அந்த அம்மாளுக்குத் தெரியாது, அவரைப் பார்த்ததும் கணப்புக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து துணிக்கூடையை எடுத்துக் கீழே வைப்பாள், அவ்வளவுதான். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடம் யாருக்கும் அவரிடம் ஒன்றும் ஆகவேண்டியதில்லை, எதுவும் ஒழுகவில்லை. அப்புறம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பின்பக்க இரும்புப் படிக்கட்டு, பெட்டி கட்டுகிற பெண்கள் வந்து காலை நீட்டுகிற இடம், பதினொரு மணிக்குப் பத்தே நிமிடம் வெயில் விழும், அவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். அப்புறம் ஒரு விமான நிலையத்தில் இரண்டு முனையங்களுக்கு நடுவே, மூடிக் கிடக்கும் கடை ஒன்றின் ஓரம், தூண், தரைவிரிப்பு, அந்தத் தூணில் சாய்ந்து ஒன்பது தடவை உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார், விரிப்பில் யாரோ தேய்ப்புப் பெட்டியை வைத்ததுபோல் ஒரு தீய்ந்த தடம், அதைப் பார்த்ததும் வீட்டுக்குப் பாதி வழி வந்துவிட்டோம் என்று உடம்பு தெரிந்துகொள்ளும். இதையா எழுதுவது? உலகம் சுற்றிய மனிதனுக்குப் பிடித்த இடம் துணி துவைக்கிற கடை என்று போட்டால் சிரிப்பார்களா, பரிதாபப்படுவார்களா? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய பாட்டையே எழுதிக் கொடுத்தார், முதலிடம் படிக்கட்டுக்கு. விடைகொடுக்கும் நாளில் முதலாளி மேடையில் அதைப் படித்துக் காட்டிவிட்டு, அந்த முதல் ஊருக்கே ஐயாவும் அம்மாவும் போய்வரக் கம்பெனியின் அன்பளிப்பு என்று ஓர் உறையை நீட்டினார், எல்லாரும் கைதட்டினார்கள், மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டாமல் அழுதுகொண்டிருந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

அறுபத்து மூன்று. முதுகு வலித்தது. உண்மையைச் சொன்னால் அவருக்கு எந்த ஊருக்கும் போக வேண்டாம், இனி ஒரு பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டுகிற சத்தத்தைக் கேட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது. ஏதாவது காரணம் சொல்லி நிறுத்திவிடலாம், ஆற்றில் வெள்ளம், படிக்கட்டில் பழுதுவேலை, ரத்த அழுத்தம், எது சொன்னாலும் நம்புவாள், நம்புகிறவளிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, அதுதானே தொல்லை. அல்லது போய்விட்டு அங்கே வைத்து, அடடா, இடித்துவிட்டார்களே என்று ஆச்சரியப்படலாம், அந்தக் காலோடு அவளை அத்தனை தூரம் இழுத்துக்கொண்டு போயா, எந்த ஆற்றங்கரையில் நின்று? ஆறு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது அந்த ஊரில், வேன் பாலத்தைத் தாண்டும்போது பார்த்திருக்கிறார், சிமெண்ட் கரைக்குள் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர்.

"இதைப் பாருங்க, ஒண்ணு விட்டுப்போயிருக்கு," என்று அவள் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினாள். மகள் போட்டுக் கொடுத்த பயணத் திட்டம், என்றைக்கு எந்த இடம் என்று கட்டம் கட்டிக் கணினியில் அடித்திருந்தாள், மூன்றாம் நாள் மட்டும் காலி. "அந்தப் படிக்கட்டுக்கு என்ன பேருன்னு அவ எவ்வளவோ தேடிப் பாத்தாளாம், கிடைக்கலயாம், அப்பாவையே எழுதச் சொல்லும்மான்னா." பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கினார். எழுதுவதற்கு உலகத்தில் எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன, எதையாவது எழுதினால் போதும், எழுதி எத்தனையோ பார்த்தாயிற்று... கை நகரவில்லை. முழங்காலை இன்னமும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊர்ல அந்தப் படி இல்ல," என்றார்.

"ஐயோ, இடிச்சிட்டாங்களா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு அவ்ளோ பிடிச்ச இடமாச்சே."

அவருக்கு ஆறுதல் சொல்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளே ஆமாமை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள், இதைவிட நல்ல வாசல் இனித் திறக்காது. ஆனால் அந்தக் கை, அவருக்காக வருத்தப்படுகிற அந்தக் கை சூடாக இருந்தது, அதைத் தாங்க முடியவில்லை. "இடிக்கல. நான் பாத்ததே இல்ல," என்றார், "காலண்டர்ல இருந்த படம். படத்தைப் பாத்துதான் சொன்னேன்." சொன்ன பிறகு நெஞ்சு லேசாகும் என்பார்கள், ஒன்றும் ஆகவில்லை, முன்பைவிடக் களைப்பாக இருந்தது.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அறுபத்தாறு. கம்பியின் அந்தக் கோடியில் யாரோ எழுந்தார்கள், நாற்காலிகள் ஆடின. "பாலம்?" என்றாள். அது விமானத்தில் படித்தது, என்றார். "பறவைச் சந்தை?" அதுவும் அப்படித்தான், என்றார். ஏரியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை, கேட்டிருக்கலாம், கேட்டால் அதையும் சொல்லி முடித்திருக்கலாம், அதை மட்டும் ஏன் விட்டாள், அதையாவது வைத்துக்கொள்ளலாம் என்றா? திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டினால் நன்றாக இருக்கும். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவள் மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் படிப்பது தெரிந்தது. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது.

"அப்ப அங்கெல்லாம் நீங்க எங்கதான் இருந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் துணி துவைக்கிற கடையைச் சொன்னார். சொல்லத் தெரியவில்லை, படிக்கட்டைச் சொல்லும்போது வார்த்தை தானாக வரும், இதற்கு வரவில்லை, எட்டு மெஷின் இருக்கும், ஒரு அம்மா இருப்பாங்க, நாற்காலி காலி பண்ணித் தருவாங்க, என்று தட்டுத் தடுமாறினார். "சூடா இருக்குமா?" என்றாள். இருக்கும். "எவ்ளோ நேரம் இருப்பீங்க?" நாற்பது நிமிஷம். "பேச யாரும் இல்லாமயா?" ஆமாம். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், அந்த நாற்பது நிமிடத்தை எடுத்து எங்கோ பத்திரப்படுத்துவதுபோல் இருந்தது. பிறகு, அறிவிப்பைப் பார்த்தபடியே, "நானும் எல்லா நாளும் வீட்ல இருந்து பேசல," என்றாள்.

"என்ன சொல்ற?"

"எழுபத்தொண்ணு வந்துருச்சு, எழுந்திரிங்க."

எப்போதும் எழுவதற்கு அவர் தோளைப் பிடிப்பாள், இன்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்துத் தானே எழுந்தாள், ஒரு நொடி நின்று காலைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள், ஃபைல் அவள் கையில்தான் இருந்தது. சன்னலுக்கு அப்பால் இருந்த பெண் ஊழியர் இரண்டு பாஸ்போர்ட்டையும் விரித்துப் பார்த்துவிட்டு, "சார் பதினோரு தடவை போயிருக்கீங்க, எல்லாம் வேலைக்கு, இந்தத் தடவை எதுக்கு?" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள், "இவர் உக்காந்திருந்த இடத்தைப் பாக்கணும்." ஊழியர் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படிப் போட முடியாது மேடம், சுற்றுலான்னு போட்டுக்கறேன்." போட்டுக்கோங்க, என்றாள் மனைவி. மூன்றாம் நாள் காலியா இருக்கே என்றதற்கு, இருக்கட்டும் என்றாள். குரலில் மன்னித்த மாதிரியும் இல்லை, மன்னிக்காத மாதிரியும் இல்லை, வங்கியில் ரேஷனில் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சன்னலிலும் இத்தனை வருடம் தனியாக நின்று பேசிப் பழகிய குரலாக இருந்தது, அவர் ஓர் அடி பின்னாலேயே நின்றுகொண்டார்.

"வலது கை, நாலு விரலையும் கண்ணாடி மேல வைங்க மேடம்." அவள் வைத்தாள், பச்சை வெளிச்சம் விரல்களுக்கு அடியில் ஓடியது. எல்லா நாளும் வீட்ல இருந்து பேசல... அப்படியென்றால்? கைப்பேசி வாங்கிக் கொடுத்த இரண்டாவது வருடம், பெண்ணுக்கு ஏழு வயது, அவர் ஒரே ஊரில் மூன்று மாதம் மாட்டிக்கொண்டார், புதிதாக இரண்டு இயந்திரங்கள் நிறுத்த வேண்டியிருந்தது, பறவைச் சந்தை அப்போதுதான் பிறந்தது, தினம் ஒரு பறவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவள் குரல் நீளமாக, காலியாக, ஒவ்வொரு வார்த்தையும் எங்கோ போய் இடித்துத் திரும்பி வந்தது, லைன் சரியில்லை என்று நினைத்தார். ஏன் மெதுவா பேசுற என்று ஒரு நாள் கேட்டார், பாப்பா தூங்குறா என்றாள், அங்கே அப்போது மாலை நாலு மணி, ஏழு வயதுப் பெண் நாலு மணிக்குத் தூங்குமா என்று அவர் கேட்கவில்லை. ஊர் திரும்பியபோது பாதியாக இளைத்திருந்தாள், இதுதான் உனக்கு நல்லா இருக்கு என்று சொன்னார், சிரித்தாள். இரண்டே அறை, அலமாரியும் கட்டிலும் தையல் மெஷினும் துணி மூட்டையும் அடைந்து கிடந்த வீடு, சத்தம் போட்டுக் கூப்பிட்டால்கூட அங்கே எதிரொலிக்காதே, குரல் திரும்பி வர இடம் ஏது... எவ்வளவு நீளமான தாழ்வாரம் அது, எந்தக் கட்டடத்தில், ஆஸ்பத்திரியிலா, யாருக்காக அங்கே போய் நின்றாள், இல்லை அவளுக்கேதானா, அங்கே உட்கார நாற்காலி இருந்ததா, யாராவது நகர்ந்து இடம் விட்டார்களா? "அடுத்து நீங்க சார், கையை வைங்க," என்றாள் ஊழியர். மனைவி கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு அவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள், அவள் முகத்தைப் பார்த்தார், கேட்க வேண்டும், இப்போதே கேட்க வேண்டும், இருபத்தாறு வருடத்தில் ஊர் எப்படி இருக்கு என்று அவள் கேட்காத நாளில்லை, நீ எங்கே இருக்கிறாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.